நம் வீட்டுக் கை

தாரிணிக்கு,

ஆமாம், அப்பாவுக்கு இருப்பது உனக்கும் இருக்கலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்கிறார் அப்பாவைப் பார்க்கும் டாக்டர் ஸ்மிதா. ஞாயிற்றுக்கிழமை போனில் நீயே கேட்டாய், நான் வாயைத் திறப்பதற்குள் "வேணாம்மா, சொல்லாதே" என்று வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். இனி வழக்கமான வார்த்தைகள். நாங்கள் நலம். அப்பாவும் நலம்தான், நெஞ்சுத் தோலுக்கடியில் இதயத் துடிப்பைக் காக்கும் தீப்பெட்டி அளவுக் கருவியோடு. டப்ளினில் நீ நலமா என்று இந்த முறை சும்மா கேட்கவில்லை.

அமீர்பேட் மெட்ரோ படியில் அப்பா மயங்கி விழுந்தது உனக்குத் தெரியும். அதன் பிறகு பேகம்பேட் ஆஸ்பத்திரியில் நடந்ததை நான் முழுதாகச் சொல்லவில்லை. டாக்டர் அவரைக் கையை நீட்டச் சொன்னார். முழங்கை வழக்கம்போல் பாதியில் நின்றது. "இது எங்க வீட்டுக் கை டாக்டர், எங்கப்பாவுக்கும் இப்படித்தான்" என்று அப்பா சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. உங்கள் அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டார். தூக்கத்தில், நாற்பத்தெட்டு வயதில். டாக்டர் உடனே இதயத்துக்கும் மரபணுவுக்கும் சோதனை எழுதினார்.

பொங்கலன்று மல்லாபூரில் ருக்மிணி அத்தை பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கையை நீட்டச் சொல்வாரே. யார் கை நேராகவில்லையோ அவர்களுக்கு முதல் வடை. உனக்கு வடையோடு வெள்ளிக் காப்பும் கிடைத்தது. "நம்ம கைடீ இது, அப்படியே எங்கப்பா" என்று தெருவெல்லாம் உன்னைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார். குதிகால் தரையில் படாமல் நடந்தாய், நாட்டியக் கால் என்றோம். எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தவையாக இருக்கலாம்.

அந்த இடத்தை டாக்டர் கணினியில் காட்டினார். செல்லுக்குள் உட்கரு. உட்கருவின் சுவரை உள்பக்கமாகத் தாங்கும் மெல்லிய வலை, லேமின் என்று பெயர். நான் ரவிக்கைக்கு வைக்கும் லைனிங்கை நினைத்துக்கொண்டேன். லைனிங் நைந்தால் துணி எங்கே விடும்? இழுபடும் இடத்தில். ஒரு படத்தில் உட்கரு வழுவழுப்பாக இருந்தது. அடுத்ததில், வலை கெட்டுப்போய், ஒரு பக்கம் பிதுங்கி, சுருங்கி. உடம்பு முழுக்க இந்த வலை உண்டு, ஆனால் ஓயாமல் இழுபடுவது தசையும் இதயமும். மரபணுக்கள் சிலவும் அந்த வலையை ஒட்டித்தான் இருக்கின்றனவாம். அது கெட்டால் எந்த மரபணு பேச வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பதும் குழம்புகிறது. எங்களுக்கும் இன்னும் முழுதாகத் தெரியாது என்றார். அது எனக்குப் பிடித்தது.

வலையைத் தைக்க இன்று வழியில்லை. இதயத்தைக் காவல் காக்க இருக்கிறது. தெரியாமலே இருந்துவிடுகிறேன் என்கிறாய். உன் வயதில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் படியேறினால் படபடக்கிறது, காபி அதிகமாகிவிட்டது என்று போன மாதம் நீதானே சொன்னாய். காபியாக இருந்தால் நல்லது. அதை ஒரு இதய டாக்டர் சொல்லட்டும், நீ சொல்லாதே. மரபணுச் சோதனை பிறகு, உனக்கு மனம் வரும்போது. அத்தையையும் சோதித்துக்கொள்ளச் சொன்னேன். "நக்கோ வசந்தி, வேணவே வேணாம், எங்க வீட்டு அடையாளத்துக்கு அந்த டாக்டரம்மா வியாதின்னு பேர் வைப்பா, நான் போய் நிக்கணுமா" என்று கத்தினார். பிறகு அழுதார். உனக்குக் காப்புப் போட்டுவிட்டது அவர்தானே.

அப்பா எழுதச் சொன்னது ஒன்றுதான். "பயப்படாதேன்னு எழுதாதே, நானே பயந்தேன். கூட இருக்கோம்னு எழுது." எழுதிவிட்டேன். நெடுநாள் நன்றாக இரு, கண்ணே. ஈசிஜி எடுக்கும்போது அந்தக் காப்பைக் கழற்றச் சொல்வார்கள். கழற்று.

உன் அம்மா,
வசந்தி

பி.கு.: உறையை ஒட்டுமுன் அத்தை வந்து நின்றார். பேகம்பேட்டுக்குச் சேர்ந்து போனோம். வளையல்களைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஈசிஜி எடுக்க உள்ளே போனார்.