கைதட்டலில் போன பெயர்

அன்புள்ள மதினி,

இன்று காலை என் வீட்டு இரும்புக் கதவுக்கு வண்ணம் பூச ஒருவர் வந்தார். டப்பாவின் மூடியை அவர் நெம்பித் திறந்ததும் எழுந்த நெடியில் எனக்கு மூச்சு அடைத்தது. மண்ணெண்ணெயும் வண்ணமும் கலந்த அந்த நெடி உங்கள் சேலையில் எந்நாளும் இருந்தது. பாதிக் கதவோடு அவரை அனுப்பிவிட்டு இதை எழுத அமர்ந்தேன். நீங்கள் மறைந்து எட்டுத் திங்கள் ஆகிறது. படிக்க நீங்கள் இல்லை என்பதால்தான் எனக்கு எழுதும் துணிவே வந்திருக்கிறது.

திருச்சுழிப் பேருந்து நிலையத்துக்கு எதிரே அண்ணன் பெயர்ப்பலகை எழுதும் கடை வைத்திருந்தார். என் உடன்பிறந்தவர் அல்லர். என் முதல் பொதுக்கூட்டத்துக்கு விளம்பரத் தட்டி எழுதித் தந்த நாள்முதல் அவர் எனக்கு அண்ணன், நீங்கள் மதினி. பரளச்சியின் மானாவாரிக் காட்டில் வளர்ந்த உங்களை மணந்து அழைத்துவந்து, தாம் வரைந்த எழுத்துகளுக்குள் வண்ணம் நிரப்பும் வேலையைக் கொடுத்தார். டப்பாவின் அடியில் எஞ்சியதை நீங்கள் கழுவிக் கொட்டவில்லை. வீரசோழன் துணிக்கடையில் வாங்கிய காடாத் துணிக்குக் கஞ்சி ஏற்றிக் காயவைத்து, கடையின் பின்கட்டில் வரையத் தொடங்கினீர்கள். மாடு மாட்டைப் போல்தான் இருக்க வேண்டும் என்று உங்களிடம் சொல்ல அங்கே எந்த ஆசிரியரும் இல்லை. அது உங்கள் பேறு.

வறண்ட கண்மாயை மூன்றே நிறங்களில் வரைந்திருந்தீர்கள். நிலத்தின் வெடிப்புகள் மேலே, வானம் கீழே. நடுவில் குடத்தோடு செல்லும் பெண்கள், வளைந்த கொக்கிகளாக. சரக்குந்துக்கு எண் எழுத வந்த ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, பெயிண்டு கொட்டிருச்சா?"

"ஆமாண்ணே, கொட்டிருச்சு. வழிக்க மனசு வரல."

"வானத்தப் போயி கீழ போட்டிருக்கியே?"

"மேல இருந்து என்னத்தக் கொடுத்துச்சு? கெடக்கட்டும் கீழ."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் சிரிக்கவில்லை. ஒரு மணி நேரம் மேடையில் முழங்கியும் வறட்சியை நான் அப்படிச் சொன்னதில்லை.

கடையின் பலகை ஒவ்வொன்றின் வலது ஓரத்திலும் அண்ணன் பெயரைச் சிறிதாக எழுதுவது வழக்கம். கணவர் பெயரை வாயால் சொல்லாத நீங்கள், அதைக் கையால் பல்லாயிரம் முறை எழுதியிருந்தீர்கள். அந்தப் பழக்கத்தில் உங்கள் ஓவியங்களிலும் அதையே எழுதினீர்கள். நான் மதுரை நூலகத்திலிருந்து ஒரு நூலை எடுத்துவந்த நாள்வரை அது உங்களுக்கு உறுத்தவே இல்லை.

பிரெஞ்சு நாட்டின் ஒரு சிற்றூரில் வாழ்ந்த பெண் ஓவியர் ஒருவரைப் பற்றிய நூல் அது. தலைநகருக்குச் சென்று புதுமுறை ஓவியம் பயின்றவர். பிறகு தம் ஊருக்கே திரும்பி, அந்த ஊர்க் கூரைகளையும் வயல்களையும் கட்டங்களாக, முக்கோணங்களாக வரைந்தவர். நெடுங்காலம் அவரை எவரும் பொருட்படுத்தவில்லை. நான் ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொல்லச் சொல்ல, நீங்கள் சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் கேட்டீர்கள்.

"அவளும் பட்டிக்காடுதானா?"

"ஏறத்தாழ."

"படத்துல பேரு போட்டிருக்காளா?"

போட்டிருந்தார். அந்த மூலையை நீங்கள் விரலால் தடவினீர்கள். "எறும்பு மாதிரி இம்புட்டுதான் இருக்கு. ஆனா அவ பேரு."

அதன்பின் நீங்கள் வரைந்தவற்றில் வலது ஓரம் வெறுமையாக இருந்தது. உங்கள் பெயரை எழுதச் சொன்னேன். "ஊரு ஒத்துக்கிடட்டும் கொழுந்தனாரே, பெறகு போடுவோம்" என்றீர்கள்.

ஊரை ஒப்புக்கொள்ளச் செய்யத்தான் அண்ணன் அந்த ஆண்டு ஊர்ப் பொங்கல் விழாவைப் பயன்படுத்தினார். மேடைக்குப் பின்னே உங்கள் பதினோர் ஓவியங்களையும் தம் கையாலேயே தொங்கவிட்டார். "நீ சொன்னாத்தான்டா ஊரு கேக்கும்" என்று என்னை அழைத்துவந்தார். விழாத் தலைவரோ, ஓவியம் என்றதும் பொன்னாடையை அண்ணன் தோளில் போர்த்திவிட்டார். நான் அங்கேயே தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. "கரிசலின் கண்ணீரைத் தூரிகையால் துடைத்த கரங்கள் இதோ" என்று தொடங்கிவிட்டேன். கூட்டம் கைதட்டியது. அண்ணன் எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"ஏப்பா, நான் போடலப்பா. எல்லாம் இவ போட்டது."

பெண்கள் வரிசையில் நீங்கள் நிமிர்ந்தீர்கள். நான் பார்த்தேன். பார்த்தபின்தான் ஒலிவாங்கியை அவரிடமிருந்து வாங்கினேன். "கேட்டீர்களா இந்தச் சான்றாண்மையை? தாம் ஈட்டிய புகழைத் தம் துணைவிக்குத் தாரைவார்க்கும் இந்த நெஞ்சம் எவருக்கு வாய்க்கும்?" என்றேன். திடலே அதிர்ந்தது. அண்ணன் ஏதோ சொன்னார்; எவர் காதிலும் விழவில்லை. நீங்கள் தலை குனிந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டீர்கள்.

அறியாமல் பேசிவிட்டேன் என்று எழுத எனக்கு வழியில்லை, மதினி. நீங்கள் வரைவதைப் பின்கட்டில் அமர்ந்து பார்த்தவன் நான். அந்தத் தொடர் நாவில் வந்து நின்றபோது அதன் அழகு மட்டுமே எனக்குத் தெரிந்தது.

அன்று எனக்குச் சோறு போட்டீர்கள். "நல்லாப் பேசுனீக" என்றீர்கள்.

"தவறிவிட்டது மதினி. அடுத்த கூட்டத்தில் திருத்திவிடுகிறேன்."

"அடுத்த கூட்டம் எப்ப?"

அதன்பின் எத்தனையோ கூட்டங்கள் பேசினேன். ஒன்றிலும் திருத்தவில்லை. நீங்கள் அதை மறுபடி கேட்கவும் இல்லை. பின்கட்டில் வரைந்துகொண்டே இருந்தீர்கள். காய்ந்ததும் சுருட்டிப் பரணில் போட்டீர்கள். அண்ணன் போனார். பிறகு நீங்களும் போய்விட்டீர்கள்.

சென்ற திங்கள் எனக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. சென்னையில் ஒரு கண்காட்சி. 'கரிசலின் தனிப்பெரும் ஓவியர்' என்று அண்ணன் பெயர். அட்டையில் உங்கள் கண்மாய். முன்னுரையாக, அந்தப் பொங்கல் விழாவுக்குப் பின் வெளிவந்த மலரிலிருந்து எடுத்த என் உரை. ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் அச்சிட்டிருந்தார்கள்.

உங்கள் மகனை அழைத்தேன். பரணில் இருந்ததை விற்றவன் அவன்தான். கோபமின்றியே பேசினான்.

"சித்தப்பா, நீங்கதான மேடையில சொன்னீக? அப்ப நான் சின்னப் புள்ள. அம்மா கலர் நெரப்பும்னுதான் எனக்குத் தெரியும்."

கண்காட்சி நடத்துவோருக்கு மூன்று மடல்கள் எழுதினேன். பெயர் உள்ள ஓவியங்களில் எல்லாம் அது அண்ணனுடையது, எழுத்தில் உள்ள ஒரே சான்றும் என் உரைதான் என்று பணிவோடு விடை எழுதினார்கள். தொடக்க விழாவில் சிறப்புரை ஆற்ற வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள்.

போனேன். மேடை ஏறினேன். "அன்று நான் பொய் பேசினேன். இவற்றுள் ஒரு கோடுகூட அண்ணன் வரைந்ததன்று. அனைத்தும் என் மதினி வரைந்தவை" என்றேன். குரல் உடைந்தது. அவையினர் எழுந்து நின்று கைதட்டினார்கள். தலைமை தாங்கியவர் தம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓவியருக்குப் பின்னால் நின்ற துணைவியாரை இவ்வளவு உருக்கமாக எவரும் நினைவுகூர்ந்ததில்லை" என்றார். இல்லை, இல்லை என்று நான் கையசைத்தேன். அதையும் வணக்கம் என்று எடுத்துக்கொண்டு மீண்டும் தட்டினார்கள். அன்று அண்ணன் எப்படி நின்றார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கீழே இறங்கும்போது இன்னொன்றும் உறைத்தது. பேச்சு முழுவதும் மதினி, மதினி என்றேனே ஒழிய, உங்கள் பெயரைச் சொல்லவில்லை. உறவுமுறை சொல்லியே பழகிய வாய், இத்தனை ஆண்டுகளில் ஒரு முறையும் உங்கள் பெயரைச் சொன்னதில்லை. யாருடைய மதினி என்று அந்த அவைக்கு எப்படித் தெரியும்?

கண்மாய்க்கு அருகே சுவரில் ஒட்டியிருந்த அட்டையில் அண்ணன் பெயரை அடித்துவிட்டு, உங்கள் பெயரை எழுதினேன். அடுத்ததிலும் எழுதினேன். நான்காவது அட்டையில் அரங்கக் காவலர் என் கையைப் பிடித்தார். பேச்சில் நம் பக்கத்துக்காரர் போலும்.

"பெருசு, அம்புட்டு நல்லாப் பேசிட்டு ஏன் இப்படிச் செய்றீக? வாங்க, காபி சாப்பிடுங்க."

நான் காபியைக் குடித்து முடிப்பதற்குள் புதிய அட்டைகள் ஒட்டப்பட்டுவிட்டன. கிழித்தெடுத்தவற்றுள் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தேன். அது என் சட்டைப் பையில் இருக்கிறது. சட்டை மாற்றும்போது அதையும் மாற்றி வைக்கிறேன். இம்மடலைப் படிப்போரும் உருக்கமாக இருக்கிறது என்று சொல்லி மடித்து வைத்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். எனக்குத் தெரிந்த அழகிய தொடர்கள் எவையும் இனி உங்களுக்கு உதவா. அட்டையில் எழுதியதை மட்டும் இங்கும் எழுதுகிறேன்.

வரைந்தவர்: முத்திருளாயி, பரளச்சி.