இரண்டு படிவங்கள், இருநூறு சதவீதம்

ஊர் மாறிப் போனவருக்கு,

ஆமாம், பிரித்துப் படித்துவிட்டேன். ஒட்டிய உறையைப் பிரித்தது தப்புதான். நம் மகளின் ஆட்டிசத்துக்கு எது காரணம் என்று நாம் நம்புகிறோம் என்பதை இருவரும் தனித்தனியே எழுதித் தரும்படி ஆராய்ச்சி மாணவி கேட்டிருந்தாள். உங்கள் படிவத்தையும் என்னுடையதோடு சேர்த்து அனுப்பச் சொன்னீர்கள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என் குடும்பத்தைத்தான் காரணமாக நினைக்கிறீர்கள் என்று, நீங்கள் போன நாளிலிருந்து ஒரு வருடமாகப் பயம்.

‘சூழல்: நூறு சதவீதம். குழந்தை வயிற்றில் இருந்தபோது நான்தான் அறைக்குப் பெயிண்ட் அடித்தேன்.’

என் படிவத்தில் என்ன இருக்கிறது தெரியுமா?

‘மரபு: நூறு சதவீதம். என் சித்தப்பாவும் இப்படித்தான். நானும்தான்.’

மாணவிக்குப் போன் செய்து என் திருட்டை ஒப்புக்கொண்டேன்.

“அக்கா, மரபணுவுக்குப் பெரிய பங்கு இருக்கு. ஆனா இதுதான்னு ஒரே காரணம் கிடையாது. யார் தப்பும் இல்ல. பழிய அடுத்தவங்க தலையில கட்டுறவங்களத்தான் பாத்திருக்கேன். நீங்க ரெண்டு பேரும் எனக்கு எனக்குன்னு பிடுங்கிக்கிறீங்களே!” என்றாள்.

எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. குலுங்கும் என் வயிற்றின் மேல் மகள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். நான் நிறுத்தியதும், “இன்னொரு தடவ” என்றாள். அவளுக்காக இன்னொரு தடவை சிரித்தேன்.

இந்தப் பெயிண்டுக்காகவா வேலையை அவ்வளவு தூரத்துக்கு மாற்றிக்கொண்டு போனீர்கள்? மக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் ஊர் பஸ்ஸுக்கு ஒன்றரை டிக்கெட் எடுத்துவிட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி