சொல்லாத வயசு

மாசி மாசம், புதன்கிழமை. திண்டிவனம்.

மருமக வசந்தா மொதமொதல்ல எழுதின கம்ப்யூட்டர் ப்ரோக்ராமை இன்னிக்கு விழுப்புரத்துல டைப் இன்ஸ்டிடியூட் சார் சோதிச்சாரு. சரியா ஓடினா அவளுக்கு அங்கியே வேலை. தொணைக்குப் போன என்னைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் பொட்டி உங்க வயசைக் கேக்குது, சொல்லுங்கன்னாரு. "பெரும்புயல் அடிச்ச வருசம் பொறந்தவன், அப்பிடியே அடிங்க"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. சாரும் சிரிச்சிக்கினே இங்கிலீஸ் எழுத்துல அடிச்சாரு. ப்ரோக்ராம் நின்னுபோச்சு.

"நம்பர் வராட்டி என்ன பண்றதுன்னு எழுதலியேம்மா. வேலைக்கு வேற ஆளைப் பாக்கறேன்"னாரு.

பஸ்ல வந்துக்கினே வசந்தா, "தப்பு என்னுதுதான் மாமா. வயசு தெரியாதவங்களும் வருவாங்கன்னு நான் நெனைக்கல"ன்னா.

என் வயசு எழுபத்தொண்ணுன்னு எனக்கு நல்லாத் தெரியும். நாலு பேரைச் சிரிக்க வெக்கத்தான் அப்பிடிச் சொன்னேன். அதை அவகிட்ட சொல்ல வாய் வரல. முதியோர் பள்ளியில கத்துக்கின எழுத்துல இந்த நோட்டுல எழுதறதோட சரி.