ஒரு மாத அவகாசம்

மாமா,

பாப்பாவுக்குப் பால் ஃபிளாஸ்கில் இருக்கிறது. எழுந்ததும் கொடுங்கள்.

பத்து மணிக்கு வீட்டுக்காரர் வருவார். காலி செய்யச் சம்மதம் என்று ஒரு காகிதம் நீட்டுவார். கையெழுத்துப் போடாதீர்கள். நோட்டீஸை நேற்றே கதவில் ஒட்டிவிட்டார். காரணம் எழுதாமல் நோட்டீஸ் செல்லாதாம். எழுதியிருக்கிறார்: “குடும்பம் இல்லாமை.”

மாடிப்படியில் விளக்கமும் சொன்னார். “ஃபேமிலிக்குத்தான் தம்பி வீடு. உங்க வீட்டம்மா போனப்பகூட, குழந்தை இருக்கேன்னு விட்டேன். அதையும் மாமனார் கூட்டிட்டுப் போறாராமே? அப்ப நீங்க பேச்சிலர்தானே!” துக்கத்துக்கு வந்து என் தோளில் சாய்ந்து அழுத மனிதர். இரண்டே மாதத்தில் என்னைக் கல்யாணமாகாதவன் ஆக்கிவிட்டார்.

அவரிடம் சொன்னது நீங்கள்தான் என்று தெரிந்ததும் உங்களிடம் கத்திவிட்டேன். தப்பு.

சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில்.

பி.கு.: பாப்பாவுக்குத் தலை பின்னக்கூடத் தெரியாதவன் என்றீர்கள். உண்மைதான். ஆனால் வீட்டுக்காரரே ஒரு மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்; நீங்கள் பாப்பாவை ஞாயிற்றுக்கிழமையே கூட்டிப்போகிறேன் என்கிறீர்கள். நீங்களும் ஒரு மாதம் கொடுங்கள், மாமா. பின்னக் கற்றுக்கொள்கிறேன்.