'இயக்கம்' என்ற இடத்தில் என் பெயர்

மார்ச் 4

வாஷிங் மெஷின் மறுபடி ஒழுகுகிறது. தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது என் கணவர் வந்து நின்றார். புதிதாக வரும் ஆசிய இயக்குநர்களுக்கு ஒரு பட விழாவில் விருது தருகிறார்களாம். முதல் படம் எடுத்தவர்களுக்கு மட்டும். அவர் இப்போது எடுத்து முடித்திருப்பது மூன்றாவது. முந்தைய இரண்டும் பெட்டிக்குள்ளேயே முடங்கிவிட்டன. ஆனாலும் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

"உன் பேர்ல அனுப்பிடலாமா? எடிட்டிங் நீதானே பண்ணே. பாதி உன் படம்தான்."

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். மற்ற விழாக்கள் எல்லாம் கைவிரித்துவிட்டன. சரி என்றேன். வேறென்ன சொல்ல?

மார்ச் 9

'இயக்குநரின் குரல்' என்று ஒரு பக்கம் அனுப்ப வேண்டும். அவரே எழுதினார். வரிக்கு வரி 'நான்', 'நான்'. அடியில் என் கையெழுத்து.

முப்பத்தொன்பது வயதில் நான் 'வளரும் இயக்குநர்'. இடுப்பு வளர்கிறது, அது உண்மை.

மே 17

தேர்வாகிவிட்டது. அம்மா போனில், "போஸ்டர்ல மாப்பிள்ளை பேரையே காணோமேடி" என்றாள்.

"அது ஒரு விதிம்மா."

"யாரோட விதி?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

மே 18

அவர் இன்று அந்த போஸ்டரை மூன்று தடவை எடுத்துப் பார்த்தார். சந்தோஷத்தில் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 21

பட விழா. என் கழுத்து அட்டையில் 'இயக்குநர்'. அவருடையதில் 'விருந்தினர்'.

அரங்கு நிறைந்திருந்தது. படத்தில், மனைவியை விட்டுவிட்டு ஓடிப்போன கணவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பார்க்க வருகிறவள் கடைசியில் வராந்தாவிலேயே நின்றுவிடுகிறாள். அவள் உள்ளே போகிற மாதிரிதான் இவர் எடுத்தார். எடிட்டிங்கில் அந்த ஷாட்டைத் தூக்கியது நான். ஒரு வாரம் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டுப் பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

படம் முடிந்ததும் ஒருவர் சரியாக அதையே கேட்டார். ஏன் அவள் உள்ளே போகவில்லை? இவர் சொல்லிக் கொடுத்திருந்த பதில்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. மனசில் இருந்ததைச் சொன்னேன். "உள்ள போனா அவனை மன்னிச்சாகணும். அதுக்கு அவகிட்ட தெம்பு இல்ல." கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

லிஃப்ட்டில், "நல்லா சொன்னே" என்றார். எங்கள் தளம் வந்தும் இறங்காமல் நின்றார்.

ஜூலை 24

கிடைத்துவிட்டது.

நடுவர் குழுத் தலைவி அந்த முடிவைப் பற்றி மட்டுமே பேசினார். மற்றதெல்லாம் என் கணவர் செய்தது — அந்த வெளிச்சம், அந்த நீள வராந்தா, கேமராவையே பார்த்திராத ஒரு பெண்ணை அப்படி நடக்க வைத்தது. அதற்கு ஒரு வார்த்தை இல்லை. மைக்கில் நான் என்ன பண்ணட்டும்? உண்மையைச் சொன்னா விருதும் போகும், படமும் போகும். "கூடவே இருந்து ஒத்தாசை பண்ணின என் கணவருக்கு நன்றி"ன்னேன். ஒத்தாசை. வேற வார்த்தையே கிடைக்கலையா எனக்கு? ஒத்தாசையாம்.

அவர் எழுந்து நின்று கைதட்டினார். எல்லோரும் உட்கார்ந்த பிறகும்.

ஆகஸ்ட் 30

விருதோடு அடுத்த படத்துக்கும் உதவுவார்களாம். கதை கேட்டிருக்கிறார்கள். அவர் ஐந்து வருடமாக எழுதி எழுதித் திருத்திய ஸ்கிரிப்ட் இருக்கிறதே, அதை அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். கடைசிப் பக்கத்தை நீ மாத்திருவே."

கோபம்கூட இல்லை குரலில்.

"மாத்தினா என்ன? சேர்ந்துதானே பண்ணோம்?"

"மாத்தினா நல்லாவும் இருக்கும். அதான்."

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அக்டோபர் 6

அவர் ஒரு டிவி சேனலில் செய்திப் பிரிவில் சேர்ந்துவிட்டார். வீடு பகல் முழுக்கக் காலி. நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என்ன எழுதுகிறேன் என்று அவர் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

டிசம்பர் 2

காலையில் விழாக் குழுவிலிருந்து போன். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம் இருக்காங்களா? நீங்க..?"

"அவங்க வீட்டுக்காரர்."

"நீங்களும் சினிமாவுலதானா சார்?"

"இல்லைங்க. டிவியில வேலை" என்றார், மரியாதையாக. போனை என்னிடம் நீட்டினார்.

"கதை வந்துச்சு மேடம். ரொம்பப் பிடிச்சிருக்கு. முழுக்க நீங்களே எழுதினதுதானே?"

இந்த முறை அது உண்மை. "ஆமாங்க" என்றேன்.

அவர் டிபன் பாக்ஸைப் பையில் வைத்தார். "வரேன்" என்று தினமும் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, வேலைக்குக் கிளம்பினார்.