ஷைனிக்குப் போட்ட உன் பிறந்த தேதி

அன்பு மகள் சோனியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நாக்பூர் வெயிலில் நீயும் தெம்பாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் தங்கச்சி ஷைனி எங்கே என்று நீ கேட்டபோது தூங்குகிறாள் என்றேன். அவள் தூங்கவில்லை, என் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அதை அன்றைக்கு உன்னிடம் சொல்லவில்லை. வீட்டில் இருந்த பெரிய போன் இப்போது மகளிர் காவல் நிலையத்தில் இருக்கிறது, என் பட்டன் போனில் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி இதைப் பேச முடியாது, அதனால்தான் கடிதம்.

அவள் விளையாடும் ஆப்பில் தேவதர்ஷினி என்று ஒரு பெண் பழக்கமானாள், பெங்களூராம், ஏழாவது படிக்கிறாளாம். முதலில் விளையாட்டுப் பேச்சு, பிறகு யூனிஃபார்மில் ஒரு படம் கேட்டு வாங்கினாள், பிறகு கேட்டது அனுப்பக் கூடாத படம். ஷைனி மாட்டேன் என்றதும், "உங்கம்மா இந்த வாரமும் செகண்ட் ஷிஃப்டுதான, ஊட்ல யாரும் இல்ல, அப்புறம் இன்னா பயம்" என்று வந்திருக்கிறது. என் ஷிஃப்ட் பற்றி அவளிடம் சொன்னதே இல்லை என்று ஷைனி சத்தியம் செய்கிறாள். பெங்களூர்ப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

ஆப்பில் புகார் பொத்தானை அமுக்கினேன், விதிமீறல் எதுவுமில்லை என்று பதில் வந்தது. அவர்களுடைய விதிகளை உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். சிறுவர் கணக்கென்றால் அந்நியர் பேச முடியாது, படம் கேட்க முடியாது, பெரியவர் கணக்கென்றால் அந்தத் தடை எதுவும் கிடையாது. நாக்பூர் போகும்போது தங்கச்சியோடு விளையாட நீதான் கணக்குத் தொடங்கிக் கொடுத்தாய், "வயசு பதினொண்ணுனு போட்டா உள்ளயே உடாதும்மா" என்று உன் பிறந்த தேதியைப் போட்டாய், நானும் நின்று சிரித்தேன். உன்னைக் குறை சொல்லவில்லை. வாசலில் காவல் வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள், வருகிறவன் சொல்லும் வயதை அப்படியே நம்பும் காவல் அது.

இப்போது யாரைப் பார்த்தாலும் சந்தேகம்தான். கம்பெனி வேன் ஓட்டும் குப்புராஜ், "இன்னாக்கா, மறுபடியும் செகண்டா, சின்ன பாப்பா தனியாவா கீது" என்று கேட்டார், மறுநாளிலிருந்து ஷேர் ஆட்டோவில்தான் போகிறேன். மூன்று வாரமாக செகண்ட் ஷிஃப்ட். ஷிஃப்ட் போடும் துளசிராமன் சாரிடம், சின்னவள் வீட்டில் தனியாக இருக்கிறாள், காலை ஷிஃப்ட் கொடுங்கள் என்று மாதத் தொடக்கத்திலேயே கெஞ்சினேன். "ஆள் இல்ல மேரிக்கா, பாக்கலாம்" என்றார். கம்பெனியில் அவர் ஒருவரிடம்தான் வீட்டு நிலையைச் சொன்னேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு. ஷைனியைத் திட்டி ஒரு வார்த்தை பேசாதே, அந்த மெசேஜ் வந்த அன்றே என்னிடம் வந்து சொன்ன பிள்ளை அவள். அப்பா விஜயவாடா லோடு இறக்கிவிட்டு வந்ததும் நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. பயத்தில் உன் போனிலிருந்து அந்தக் கணக்கை மட்டும் அழித்துவிடாதே, அதுதான் சாட்சி என்று என் புகாரை எழுதி வாங்கிய இன்ஸ்பெக்டர் அம்மா சொன்னார். மாதா உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
ஆரோக்கியமேரி

பி.கு. இதைத் தபாலில் போடுவதற்குள் சேதி வந்துவிட்டது. நேற்று மத்தியானம் கம்பெனி வாசலிலேயே துளசிராமனைப் போலீஸ் கூட்டிப்போனது. தேவதர்ஷினியாகப் பேசியது அவன்தான். இன்று குப்புராஜின் வேனில் வேலைக்குப் போனேன்.