ஏழாம் எண் தகடு

என்னங்க,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. முப்பத்தாறு வருஷம் இந்த ஒரு சொல்லுக்கே திரும்பிப் பார்த்தீர்கள். இன்றும் பார்ப்பீர்களா?

வருஷா வருஷம் நீங்கள் போன இந்த நாளில் பத்திரிகையில் உங்கள் படத்தோடு நான்கு வரி போடுவேன். அதில் "நேர்மையே உருவானவர்" என்ற வரி தவறாமல் இருக்கும். அதை எழுதிக் கொடுத்தது நான். அச்சில் ஒரு ஒற்று விட்டுப் போனதற்காக அந்த அலுவலகத்துக்கே போய்ச் சண்டை போட்டவளும் நான். இந்த வருஷம் அந்த வரியை எழுத என் கை போகவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். அந்த நான்கு வரியைப் படித்தவர்கள் இதையும் படிக்கட்டும்.

நீங்கள் போன பிறகு கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகிவிட்டது. ஓசூர் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று புளியமரங்களை வெட்டிவிட்டார்கள். மாம்பழ லாரிகள் மட்டும் அப்படியே வருகின்றன. சித்திரை பிறந்தால் தெருமுனை வரைக்கும் அந்த வாசனை வந்து நிற்கிறது. நான் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன்.

வீட்டில் ஒரு சத்தம் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாத சத்தம், நீங்கள் போன பிறகு ஆரம்பித்தது. கீழ்த்தொட்டியிலிருந்து மாடித்தொட்டிக்குப் போகும் குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு மாட்டினீர்களே, அதிலிருந்து வருகிறது. தண்ணீரை மேலே போக விடும், கீழே திரும்பி வர விடாது என்று சொல்லித் தந்தீர்கள். மோட்டாரை நிறுத்தியதும் உள்ளே இருக்கும் சின்ன மூடி தானாகச் சாத்திக்கொள்ளும். நல்ல வால்வு சத்தமில்லாமல் சாத்தும். இது தட்டுகிறது. டக். ஒரே ஒரு தட்டு, நடுவிரலை மடக்கிக் கதவில் தட்டுவீர்களே, அதே மாதிரி. முதல் நாள் நான் போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.

திருச்சியில் கன்னியாஸ்திரிகளிடம் படித்துவிட்டு வந்தவளுக்கு வால்வைப் பற்றி என்ன தெரியும்? குழாய்த் திருகு என்றுதான் நினைத்திருந்தேன். சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளைப் பரப்பி, பிரித்துப் பிரித்துக் காட்டினீர்கள். கேட் வால்வு உள்ளே ஒரு பலகைக் கதவு. ஒன்று முழுதும் திறக்க வேண்டும், இல்லை முழுதும் மூட வேண்டும், பாதியில் வைத்தால் அரித்துவிடும். உங்கள் அக்காவின் குணம் என்று சொல்லிச் சிரித்தீர்கள். பால் வால்வு, உள்ளே துளை போட்ட ஓர் உருண்டை, கால் திருப்பில் மூடிவிடும். கைப்பிடி குழாயோடு படுத்திருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. மாம்பழக் கூழ் மாதிரிக் கெட்டியானது போகும் குழாயில், உள்ளே ஒரு வட்டத் தட்டு திரும்பும் பட்டர்ஃபிளை வால்வு. நீராவியை இவ்வளவு என்று அளந்து விட குளோப் வால்வு. அழுத்தம் மிஞ்சினால் யாரையும் கேட்காமல் தானே திறந்துகொள்வது சேஃப்டி வால்வு. "நீதான் நான்-ரிட்டர்ன். சொன்ன சொல்ல திருப்பி எடுக்கவே மாட்ட" என்றீர்கள். நானும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்லித் தந்தீர்கள். கேட் வால்வை முழுதும் திறந்த பிறகு கால் சுற்று பின்னால் திருப்பி விட வேண்டும். இறுகிப்போய் நின்றால், அடுத்து வருகிறவனுக்கு அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியாது. இந்த வீட்டு வால்வுகளைக்கூட அப்படித்தான் விட்டிருந்தீர்கள். அடுத்து வருகிறவன், அடுத்து வருகிறவன் என்று அத்தனை முறை சொன்ன நீங்கள்.

தகடுகளுக்கு வருகிறேன். மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் நீங்கள் ஃபோர்மேன். ஒரு குழாயைப் பிரித்து வேலை நடக்கும்போது, அதற்கு நீராவி விடும் வால்வு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும். திறக்கிறவனுக்கு வேலை செய்கிறவனைத் தெரியாது. அதனால் மூடிய வால்வில் ஒரு தகடு தொங்க வேண்டும். பன்னிரண்டு தகரத் தகடுகளுக்குச் சிவப்பு அடித்துக்கொண்டு வந்து, எழுத்து என்னுடையதாக இருக்க வேண்டும் என்றீர்கள். "ஆள் வேலை செய்கிறார். திறக்காதே." வெள்ளை எனாமலில் தமிழில் எழுதி, பக்கத்து வீட்டு அம்மாளிடம் கேட்டுக் கன்னடத்திலும் எழுதி, கீழே ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டேன். மாட்டும் கம்பியை முறுக்குவார்கள், வேலை முடிந்ததும் வெட்டுவார்கள். சனிக்கிழமைதோறும் தகடுகளை வீட்டுக்குக் கொண்டு வருவீர்கள். மிச்சக் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சாண் புதுக் கம்பி கோர்ப்பேன். அந்த வேலையை வேறு யாரிடமும் நான் விட்டதில்லை.

ஒரு மாம்பழப் பருவத்தில் கணேசன் என்ற ஃபிட்டர் நீராவிக் குழாயைப் பிரித்து வேலை செய்துகொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் வால்வுகளைப் பார்த்துக்கொள்ளும் முனிராஜ் அதைத் திறந்துவிட்டார். கணேசனுக்குக் கழுத்தும் இரண்டு கையும் வெந்துபோயின. பிழைத்தார், ஆனால் வேலைக்குத் திரும்பவில்லை, தன் ஊருக்கே போய்விட்டார். விசாரணையில் முனிராஜ் தகடே இல்லை என்றார். நான் மாட்டினேன், இவன் அவிழ்த்து எறிந்திருப்பான் என்று நீங்கள் சொன்னீர்கள். உங்கள் சொல்லை நம்பினார்கள். முனிராஜுக்கு வேலை போயிற்று. அந்தச் சனிக்கிழமை பதினோரு தகடுதான் வந்தது. ஏழாவதைப் புதிதாக எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றீர்கள்.

முனிராஜின் மனைவி லட்சுமம்மா நம் வீட்டுக்கு வந்தது உங்களுக்குத் தெரியாது. உங்களிடம் நான் சொல்லவில்லை. ஐயாவை ஒரு தடவை யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்று மட்டும்தான் கேட்டாள். நான் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடி, "எங்க வீட்டுக்காரர் பொய் சொல்ற மனுஷர் இல்ல. போயிட்டு வாம்மா" என்று சொல்லித் தாழ்ப்பாளைப் போட்டேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். நான் உள்ளே வந்து கைகளைக் கழுவிக்கொண்டேன். ஏன் கழுவினேன் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு இரண்டு வருஷம் இந்த வீட்டில் நடந்துகொண்டே இருந்தீர்கள். ஒவ்வொரு வால்வாகத் தொட்டுப் பார்த்தீர்கள். மூடியதை மறுபடி மூடினீர்கள். வேலை விட்டவருக்குக் கை சும்மா இருக்காது என்று நான் கேலி செய்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அப்போதாவது நான் கேட்டிருக்க வேண்டாமா?

போன மாதம் அந்தத் தட்டலை நிறுத்திவிடலாம் என்று பிளம்பரை வரச்சொன்னேன். கீழ்த்தொட்டிக்குப் பக்கத்தில், வால்வு இருக்கும் குழியின் சிமெண்ட் மூடியைப் பெயர்த்தார். உள்ளே கையை விட்டவர், "அம்மா, வால்வுக்குப் பின்னால கவர்ல சுத்தி என்னமோ சொருகியிருக்குது" என்றார். மூன்று சுற்று பாலிதீன். பிரிப்பதற்கு முன்பே அதன் வடிவம் என் கைக்குத் தெரிந்துவிட்டது. சிவப்புத் தகடு. என் எழுத்து. என் ஏழு. அதில் ஒரு சாண் கம்பி, நான் கோர்த்தபடியே, இரண்டு நுனியும் நேராக.

ஒரு முறைகூட முறுக்காத கம்பி. மாட்டாத தகடு.

பிளம்பரைக் கூலி கொடுத்து அனுப்பிவிட்டேன். வால்வை மாற்ற வேண்டாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அணை பக்கத்தில்தானே இருக்கிறது, அதில் எறிந்திருக்கலாமே? பழைய இரும்புக் கடையில் போட்டிருக்கலாமே? ஏன் வைத்திருந்தீர்கள்? நான் ஒருநாள் கண்டெடுக்க வேண்டும் என்றா, யாருமே கண்டெடுக்கக் கூடாது என்றா?

ஒரு வாரம் அதைப் பூஜை அறையில் வைத்திருந்தேன். மோட்டார் நிற்கும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தட்டல் வரும். நான் தகட்டைப் பார்ப்பேன். எட்டாம் நாள் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஓசூர் பஸ் ஏறினேன். முனிராஜ் அங்கே மூக்கண்டப்பள்ளியில் இருப்பதாக ஃபேக்டரி வாசல் டீக்கடையில் சொன்னார்கள்.

வரிசை வீடுகளில் கடைசி வீடு. லட்சுமம்மாதான் வெளியே வந்தாள். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"அன்னைக்கு கேட்டுக்கு வெளியவே நிக்க வெச்சி அனுப்பிட்டீங்க. எங்க வூட்டுக்கு கேட்டு இல்லம்மா. நேரா உள்ள வாங்க."

திரும்பி உள்ளே பார்த்துக் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். முனிராஜ் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார். வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை. இரும்புச் சுருள் கூட்டி அள்ளுகிற வேலை. வால்வைத் தொட விடுவதில்லை. தகடு மாட்டிய வால்வைத் திறந்தவன் என்று பழைய கம்பெனி கொடுத்த காகிதத்தில் இருக்கிறது.

தகட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கம்பியின் நுனியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"முறுக்கே விழலியே" என்றார்.

"ஐயா வால்வ மூடுனாரும்மா. அது நெசம். நான் சாப்புட்டு வந்து பாத்தப்ப மூடித்தான் இருந்துச்சு. இந்த டேக்கு மட்டும் அவரு பாக்கெட்லயே இருந்திருக்குது. பழ லாரிங்க வெயில்ல வரிசையா நிக்குது, மேனேஜரு ஆள் மேல ஆள் அனுப்புறாரு. மறந்திருப்பாரு. யாருக்கும் மறக்கும். அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல." தகட்டை என் பக்கத்தில் வைத்தார். "நான் அவுத்து எறிஞ்சேன்னு சொன்னாரே. அதாம்மா."

மன்னித்துவிடுங்கள் என்றேன். யாரிடமும் அதிகம் சொல்லிப் பழகாத சொல், என் வாயிலேயே அந்நியமாக ஒலித்தது. லட்சுமம்மாதான் பதில் சொன்னாள்.

"மன்னிப்ப வெச்சிகினு நாங்க என்னம்மா பண்றது? நீங்க கான்வென்ட்ல படிச்சவங்கதானே. எழுதிக் குடுங்க."

அவள் சொன்னது சரி. அன்றைக்கு அவள் கேட்டதும் சரி. டீ கொடுத்தாள், குடித்தேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தாள். பஸ் ஏறும்போது என் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். ஆங்கிலத்தில், ஃபேக்டரி நிர்வாகத்துக்கு, பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த கையெழுத்தில். என் கணவர் விசாரணையில் சொன்னது என்று ஆரம்பித்து, அடுத்த சொல்லில் நின்றுவிட்டேன். தவறு என்று மிருதுவாக ஒன்று எழுதினேன். மோட்டார் போட்டிருந்தது, தொட்டி நிறைந்து வழிந்தது, எழுந்துபோய் நிறுத்தினேன். டக் என்றது. வந்து அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் பொய் என்று எழுதினேன்.

உங்களை வெறுக்கிறேனா என்று கேட்காதீர்கள். இன்னும் உங்கள் தட்டில்தான் சாப்பிடுகிறேன். மறந்ததை நான் மன்னித்துவிட்டேன், ஒரு நொடியில். மறந்ததை என்னிடம் சொல்லாததுதான் இன்னும் ஆறவில்லை. நான் அவ்வளவு கறாரானவளாகவா இருந்தேன்? சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்காதவளிடம் இதைச் சொல்ல பயந்தீர்களா? அப்படியென்றால் அந்தத் தகடு மாட்டப்படாமல் போனதில் இல்லாவிட்டாலும், இத்தனை வருஷம் குழியில் கிடந்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது.

திங்கட்கிழமை முனிராஜையும் லட்சுமம்மாவையும் கூட்டிக்கொண்டு ஃபேக்டரிக்குப் போகிறேன். கடிதத்தோடு தகட்டையும் மேஜையில் வைப்பேன். அந்தக் காகிதத்தை மாற்றி எழுதித் தரும் வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். நான் உட்கார்ந்தால் எப்படி உட்காருவேன் என்று உங்களுக்குத் தெரியும். பிறகு கணேசனின் ஊர் தேடிப் போய் அவரிடமும் சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. இதையும் திருப்பி எடுக்க மாட்டேன்.

அதெல்லாம் முடிந்த பிறகுதான் புது வால்வு மாட்டச் சொல்வேன். அது வரைக்கும் தட்டிக்கொண்டிருங்கள். கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஏழாம் எண்ணை எழுதிய கையால்,
உங்கள் மனைவி
விசாலாட்சி